சிலி வெடியுப்பு எங்கிருந்து வந்தது? பிசாகுவா துறைமுகத்தின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். "டீச்சர் இன்னும் பாடம் எடுக்கறதை விடலை" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். 36 வருஷப் பழக்கம், ஓய்வு பெற்றதும் போய்விடுமா என்ன?

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு கடன். 1986 அல்லது 87 என்று நினைக்கிறேன். ஏழாம் வகுப்பு அறிவியல். சோடியம் நைட்ரேட்டுக்குச் சிலி வெடியுப்பு என்று இன்னொரு பெயர் உண்டு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், சிலின்னா ஊரு பேரா? அங்கேருந்து இப்பவும் வருதா? எங்க வீட்ல யூரியாதானே போடறாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்தார்கள், தெரியாது என்று சொல்ல யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பரீட்சைக்கு அதெல்லாம் வராது, உட்கார்" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க அவன் திரும்பக் கை தூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சில மாதங்களுக்கு முன் பேத்தி போனில் ஏதோ படம் காட்டினாள். பாலைவனமும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடம். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் பழைய மரக் கட்டடம், அதன் முகப்பில் தூண்கள். ஒரு சிறு குன்றின் மேல் மணிக்கூண்டு. "பேய் ஊர் பாட்டி" என்றாள். ஊர் பெயர் பிசாகுவா, நாடு சிலி. எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் பச்சை மிளகாய் மாதிரி நீண்டு கிடப்பதுதான் சிலி. அதன் வடக்குப் பகுதி முழுவதும் அடகாமா பாலைவனம். உலகத்திலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. எவ்வளவு குறைவு என்றால், பிசாகுவாவுக்கு வடக்கே உள்ள அரிக்கா என்ற ஊரில் 1903 அக்டோபரில் இருந்து 1918 ஜனவரி வரை ஒரு சொட்டு மழை இல்லை. பதினாலு வருஷத்துக்கு மேல்! அந்த ஊரில் 1904-இல் பிறந்த குழந்தை, மீசை அரும்பும் வயதில்தான் முதல் மழையைப் பார்த்திருக்கும்.

இந்த மழையின்மைதான் மொத்தக் கதைக்கும் ஆணிவேர். நைட்ரேட் உப்புகள் தண்ணீரில் சுலபமாகக் கரையும். நம் ஊர் மாதிரி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் இடத்தில் மண்ணின் மேல் அது தங்கவே தங்காது. அடகாமாவில் லட்சக்கணக்கான வருஷங்களாகக் கழுவிச் செல்ல ஆள் இல்லாததால், தரைக்குச் சற்று அடியிலேயே பாளம் பாளமாக இறுகிவிட்டது. அந்தப் பாளத்துக்குக் காலீச்சே என்று பெயர். அதை வெடிவைத்துப் பெயர்த்து, உடைத்து, பெரிய தொட்டிகளில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நைட்ரேட் கரைந்து வரும், மண் அடியில் நிற்கும். கரைசலை ஆறவிட்டால் படிகமாகும். அள்ளி வெயிலில் காயவைத்து, கோணியில் கட்டி, ரயிலில் ஏற்றிக் கடலுக்கு அனுப்ப வேண்டியதுதான். உப்பளத்தில் கடல்நீரை வெயில் காய்ச்சுகிறது, இங்கே பாறையை அடுப்பு காய்ச்சியது.

1835 ஜூலையில் சார்லஸ் டார்வின் தன் கப்பல் பயணத்தில் அந்தக் கரையில் இறங்கினார். பிசாகுவாவுக்குத் தெற்கே உள்ள இக்கீக்கே என்ற ஊர். அன்று அது பெரு நாட்டில் இருந்தது. வெடியுப்பு எடுக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தார். கரையில் இருந்த மக்கள் கப்பலில் இருப்பவர்களைப் போல வாழ்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார், ஏனென்றால் எல்லாமே வெளியில் இருந்துதான் வரவேண்டும். குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சுமார் 40 மைல் வடக்கே இருந்த பிசாகுவாவில் இருந்து, படகில். பீப்பாய் இன்ன விலை என்று விற்றார்கள். ஆக, பின்னாளில் உலகத்துக்கு உரம் அனுப்பிய பிசாகுவா முதலில் பக்கத்து ஊருக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சின்ன இடம்.

ஐரோப்பாவில் நிலத்துக்கு உரம் போதவில்லை. பெருவின் தீவுகளில் மலைபோலக் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பினார்கள், அது தீர்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் எல்லோர் கண்ணும் வெடியுப்பின் மேல் விழுந்தது. நிலத்தில் போட்டால் உரம், தொழிற்சாலைக்கு அனுப்பினால் வெடிமருந்து. ஒரே மூட்டைதான், போகும் இடம்தான் வேறு.

அந்தச் சமயத்தில் அடகாமாவின் கரை மூன்று நாடுகளுக்குச் சொந்தம். வடக்கே தாராபாக்கா மாகாணம் பெருவுக்கு, பிசாகுவாவும் இக்கீக்கேயும் அதில் அடக்கம். நடுவில் அந்தோஃபகாஸ்தா பொலிவியாவுக்கு. அதற்குத் தெற்கே சிலி. 1875-இல் பெரு அரசு தன் வெடியுப்பு ஆலைகளை அரசுடைமை ஆக்கியது. உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் பத்திரம் எழுதிக் கொடுத்தது. இந்தப் பத்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1878-இல் பொலிவியா தன் பகுதியில் ஏற்றுமதியாகும் நைட்ரேட்டுக்குக் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது. (அந்தக் குவிண்டால் நம் 100 கிலோ அல்ல, 46 கிலோ.) அங்கே தோண்டிக்கொண்டிருந்தது சிலி நாட்டுக் கம்பெனி. வரி கட்டமாட்டோம் என்றது. 1879 பிப்ரவரியில் சிலி படை அந்தோஃபகாஸ்தாவில் இறங்கியது. பெருவும் பொலிவியாவும் ஏற்கெனவே ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டிருந்ததால் பெருவும் உள்ளே வந்தது. பத்து சென்டாவோ, அதாவது பத்துக் காசு வரிக்காக மூன்று நாட்டுப் போர் என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தால் யாருக்குமே மறந்திருக்காது.

1879 நவம்பர் 2. ஏறக்குறைய 10,000 பேர் கொண்ட சிலி படை கப்பல்களில் பிசாகுவா விரிகுடாவுக்குள் வந்தது. கரையில் இருந்த பொலிவிய, பெருவிய வீரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்களுக்கு அரணாக இருந்தவை கரையில் அடுக்கிக் கிடந்த நைட்ரேட் மூட்டைகளும் நிலக்கரிக் குவியலும். ஊருக்குப் பின்னால் செங்குத்தாக மலை. ரயில் அந்த மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும். சிலி வீரர்கள் படகில் வந்து இறங்கி அந்தச் சரிவில் ஏறிப் பிடித்துவிட்டார்கள். 1883-இல் அன்கோன் ஒப்பந்தப்படி தாராபாக்கா முழுவதும் சிலிக்குப் போனது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்றுவரை அந்த நாட்டுக்குக் கடல் இல்லை. ஆனாலும் கடற்படை வைத்திருக்கிறார்கள், ஏரியிலும் ஆற்றிலும்.

இப்போது அந்தப் பத்திரத்துக்கு வருவோம். போர் நடக்கும்போது பெரு கொடுத்த பத்திரங்களின் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. தோற்கிற நாட்டின் காகிதத்தை யார் வாங்குவார்கள்? ஒருவர் வாங்கினார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருந்து மெக்கானிக்காக வந்த ஜான் தாமஸ் நார்த். போர் முடியுமுன்னே, பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே ஆலை என்று சிலி அரசு முடிவு செய்தது. நார்த் ஒரே பாய்ச்சலில் நைட்ரேட் ராஜா ஆனார். பிசாகுவாவையும் இக்கீக்கேயையும் பாலைவனத்தோடு இணைத்த ரயில் கம்பெனியும் அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தது. ரத்தம் சிந்தியது மூன்று நாட்டுக் கிராமத்துப் பையன்கள், லாபம் லண்டனில் போய் உட்கார்ந்தது. எனக்கு இதைப் படித்தபோது, நம் ஊரில் போன தலைமுறையில் புரோநோட்டை வைத்து நிலம் கைமாறிய கதைகள்தான் ஞாபகம் வந்தன.

அடுத்த முப்பது வருஷம் பிசாகுவாவுக்கு வசந்த காலம். மழையே இல்லாத ஊருக்கு வசந்தம் என்பது கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது, இருந்தாலும் வேறு சொல் கிடைக்கவில்லை. மலையில் இருந்து ரயில் இறங்கும். பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது, விரிகுடாவில் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும். மூட்டைகளைத் தட்டைப் படகில் ஏற்றி, கப்பலுக்குக் கொண்டுபோய், ஒன்றொன்றாக அடுக்குவார்கள். பனாமா கால்வாய் 1914-இல்தான் திறந்தது. அதுவரை ஐரோப்பா போகும் நைட்ரேட் எல்லாம் தென் அமெரிக்காவின் அடிமுனையான ஹார்ன் முனையைச் சுற்றித்தான் போகவேண்டும். உலகத்தின் கடைசிப் பெரிய பாய்மரக் கப்பல்களில் பல இந்த வியாபாரத்துக்காகவே கட்டப்பட்டவை. 1911-இல் கட்டிய 'பீக்கிங்' என்ற கப்பல் இப்போதும் ஹாம்பர்க்கில் காட்சிக்கு நிற்கிறது. கல்கத்தா சணல் ஆலையில் தைத்த கோணிகளும் அந்தக் கரைக்குப் போயின. நம் நாட்டுக்கும் அந்தப் பாலைவனத்துக்கும் அப்படி ஒரு நூல், இல்லை இல்லை, ஒரு சணல்.

மணிக்கூண்டு 1887-இல் வந்தது. 1892-இல் நாடகக் கொட்டகை. என் பேத்தி காட்டிய படத்தில் தூண்களோடு இருந்தது அதுதான். கட்டியது பைன் மரத்தில். சுற்றிலும் ஒரு மரம்கூட முளைக்காத இடம், அந்தப் பலகை முழுவதும் வட அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகள் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு அங்கே போய் நாடகம் பார்த்திருப்பார்கள். சிலி அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு பொருளின் ஏற்றுமதி வரியில் இருந்து வந்த காலம் அது. 1910-ஐ ஒட்டி வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

தோண்டியவர்கள் எப்படி இருந்தார்கள்? சிலி, பெரு, பொலிவியா மூன்று நாட்டுக்காரர்களும் கலந்து வேலை பார்த்தார்கள். சம்பளம் பணமாகக் கிடைக்காது. கம்பெனி அச்சடித்த வில்லைகள் கிடைக்கும். அது கம்பெனி கடையில் மட்டுமே செல்லும். கடையில் விலையும் அவர்கள் வைத்ததுதான், எடையும் அவர்கள் போட்டதுதான். கொதிக்கும் தொட்டிக்கு மேல் தடுப்பு கிடையாது. கால் தவறினால் அவ்வளவுதான்.

1907 டிசம்பரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பாலைவனத்தில் இருந்து இக்கீக்கேக்கு இறங்கி வந்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். வில்லைக்குப் பதில் நியாயமான மதிப்பு, கடையில் எடையைச் சரிபார்க்கத் தராசு, கொதிதொட்டிகளுக்கு மேல் இரும்புக் கம்பி வலை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள். தொழிலாளர்கள் படிக்க இரவுப் பள்ளிக்கு ஓர் இடம். பகலெல்லாம் பாறை உடைத்தவன், ராத்திரி எழுத்து படிக்க ஓர் அறை கேட்டான்.

அவர்களை அரசாங்கம் தங்க வைத்ததும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான். சாந்தா மரியா பள்ளி. டிசம்பர் 21 மதியம், ஜெனரல் சில்வா ரெனார்டு கலைந்து போகச் சொன்னார். போகவில்லை. பெரு, பொலிவியா தூதரக அதிகாரிகள் வந்து தங்கள் நாட்டுக்காரர்களை மட்டும் வெளியே வரச் சொன்னார்கள். அவர்களும் மற்றவர்களை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இவர்கள் அப்பாக்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள். பிறகு இயந்திரத் துப்பாக்கி. அரசாங்கம் சொன்ன சாவுக் கணக்கு நூற்றைச் சற்றே தாண்டும், மற்றவர்கள் சொல்வது இரண்டாயிரத்தைத் தாண்டியும் போகிறது. பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்றைத் தட்டச்சு செய்ய எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அந்தச் செல்வம் போன கதை சுருக்கமானது. அதை முடித்து வைத்தது போரும் அல்ல, வேலைநிறுத்தமும் அல்ல. ஜெர்மனியில் ஒரு சோதனைச்சாலை. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அதிக அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கினார். 1913-இல் ஓப்பாவ் என்ற இடத்தில் ஆலை ஓட ஆரம்பித்தது. ஹேபர் முறை, ஹேபர் முறை என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினீர்களே, அதேதான். அடுத்த வருஷமே உலகப்போர். சிலியில் இருந்து கப்பல் வராதபடி பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை அடைத்தது. ஜெர்மனியோ காற்றில் இருந்தே வெடிமருந்து செய்துகொண்டது. (இதே ஹேபர்தான் போர்க்களத்தில் விஷவாயு விடும் வேலைக்கும் தலைமை தாங்கினார். அவரை நல்லவர் என்று சொல்வதா கெட்டவர் என்று சொல்வதா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

போர் முடிந்ததும் எல்லா நாடுகளும் அம்மோனியா ஆலை கட்ட ஆரம்பித்தன. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது சிலியின் நைட்ரேட் வியாபாரமும் சரிந்தது. பாலைவனத்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை இல்லையென்றால் ரயில் எதற்கு, ரயில் இல்லையென்றால் துறைமுகம் எதற்கு? பிசாகுவாவில் இருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பையா, நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. உங்கள் வீட்டு யூரியா இந்த அம்மோனியாவில் இருந்துதான் செய்வது. தூத்துக்குடியிலும் மணலியிலும் ஆலை வந்தது அந்த முறையில்தான். என் அப்பா காலத்தில் ஆட்டுக்கிடை, தொழு உரம், புண்ணாக்கு. பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் யூரியாவுக்கு வரிசை. மேலுரம் போட்ட மூன்றாம் நாளே பயிர் கருகருவென்று பச்சை கட்டுவதை வரப்பில் நின்று எல்லோரும் அதிசயமாகப் பார்ப்பார்கள். அந்தப் பச்சைதான் பிசாகுவாவை மூட வைத்தது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஓர் அறிவியல் பாடம். ஆனால் அந்த ஊரின் கதை இதற்குப் பிறகும் இருக்கிறது. சொல்லப்போனால் நான் எழுத நினைத்ததே இதைத்தான்.

ஆள் இல்லாத ஊர், முன்னால் கடல், பின்னால் ஏற முடியாத மலை, அதற்கப்பால் தண்ணீர் இல்லாத பாலைவனம். தப்பிக்க வழியில்லை, காவலுக்கும் செலவில்லை. அரசாங்கங்களுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தால் என்ன செய்யும்? 1947-48இல் ஜனாதிபதி கொன்சாலெஸ் விதேலா, தன்னை ஜெயிக்க வைத்த கம்யூனிஸ்டுகளையே எதிரியாக அறிவித்துப் பிடித்து பிசாகுவாவுக்கு அனுப்பினார். அந்தப் பாலைவன மாகாணங்களின் செனட்டராக இருந்தவர் கவிஞர் பாப்லோ நெரூதா. 1948 ஜனவரியில் செனட் சபையில் எழுந்து நின்று, பிசாகுவாவில் அடைக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தார். வருகைப் பதிவேடு படிக்கிற மாதிரி. அதோடு அவர் பதவி போனது, தலைமறைவாகி, மறு வருஷம் குதிரையில் ஆண்டிஸ் மலையைத் தாண்டி நாட்டை விட்டே போனார். அதே 1948 தொடக்கத்தில் பிசாகுவா முகாமைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட இளம் கேப்டன் ஒருவரும் இருந்தார். பெயர் அகுஸ்தோ பினோசே.

1973 செப்டம்பர் 11-இல் அந்த பினோசே ஆட்சியைப் பிடித்தபோது, பிசாகுவா அவருக்குப் புதிய ஊர் இல்லை. நைட்ரேட் காலத்தில் கட்டிய சிறைச்சாலை மறுபடி நிரம்பியது. கட்சிக்காரர்கள், தொழிற்சங்கக்காரர்கள், மாணவர்கள். ராணுவ நீதிமன்றம் என்ற பெயரில் விசாரணை நடத்திச் சிலரைச் சுட்டார்கள். தப்பி ஓடும்போது சுட்டோம் என்று சொல்லியும் சிலரைச் சுட்டார்கள். எங்கே ஓட? உடலைக் குடும்பத்துக்குக் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. பதினாறு வருஷம் அம்மாக்களும் மனைவிகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1990 மார்ச்சில் மக்களாட்சி திரும்பியது. ஜூன் 2-ஆம் தேதி பிசாகுவா கல்லறைத் தோட்டத்தை ஒட்டித் தோண்டியபோது புதைகுழி அகப்பட்டது. 19 உடல்கள். சாக்கில் பொதிந்து, கண்ணைக் கட்டியபடி. எலும்புக்கூடுகள் அல்ல, உடல்கள். அந்த உப்பு மண்ணும் மழையின்மையும் அவர்களை அப்படியே வைத்திருந்தன. முகம் தெரிந்தது, போட்டிருந்த துணி தெரிந்தது. கண்கட்டும் தெரிந்தது. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தபோது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று இத்தனை வருஷம் சொன்னவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது.

நான் இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். மழை பெய்து கரைத்துவிடாததால்தானே அந்த மண்ணில் வெடியுப்பு தங்கியது? அதே காரணத்தால்தான் இவர்களும் தங்கினார்கள். ஒரு மூட்டை உப்புக்கு மூன்று நாட்டை அடித்துக்கொள்ள வைத்த மண், சாட்சி சொல்லவும் வந்தது.

எல்லோரையும் அது திருப்பித் தரவில்லை. ஃபிரெடி தபெர்னா என்று ஒருவர். புவியியல் படித்தவர், அந்த வட்டாரத்தின் திட்ட அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர். 1973 அக்டோபர் 30 அன்று மூன்று தோழர்களோடு பிசாகுவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நான்கு பேரும் புதைகுழியில் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்றைக்கு பிசாகுவாவில் இருப்பவர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் மீனவர்கள். நெடுஞ்சாலையில் இருந்து பிரிந்து, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆளரவமற்ற ரோட்டில் போய், கடைசியில் மலையில் இறங்க வேண்டுமாம். 2014 ஏப்ரல் 1-ஆம் தேதி 8.2 அளவில் வந்த பெரிய நிலநடுக்கத்தின் மையம் அந்த ஊருக்கு அருகில் கடலில்தான். நாடகக் கொட்டகையும் மணிக்கூண்டும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். உள்ளே பாலைவனத்தில் ஹம்பர்ஸ்டோன், சாந்தா லௌரா என்ற இரண்டு பழைய ஆலைகளை யுனெஸ்கோ 2005-இல் உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

"இப்பவும் வருதா?" என்று கேட்டாயே, அதற்கு மீதிப் பதில். வருகிறது, ஆனால் கொஞ்சம்தான். அடகாமாவில் இன்னும் காலீச்சே தோண்டுகிறார்கள். அதே பாறையில் அயோடினும் உண்டு. உலகத்திலேயே அதிக அயோடின் எடுக்கிற நாடு சிலி. நம் நாட்டுக்கும் அங்கிருந்து வருகிறது. அயோடின் கலந்த உப்புப் பாக்கெட்டை இனிமேல் பிரிக்கும்போது நான் அந்த மண்ணை நினைக்காமல் இருக்க முடியாது.

அந்தப் பையனின் அப்பா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். குடும்பம் பிறகு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பெயரை இங்கே எழுதினால் சங்கடப்படுவான், எழுதவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும். தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். டீச்சர் 38 வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறாள், வேறு கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.